ஹீட்டரை மூடினாலும் கேபினில் சூடு அடங்கவில்லையா? பழைய பிக்கப்பில் எங்கே பார்ப்பது

சித்திரை வெயிலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போகிற ஆள் யாரும் கிடையாது. ஆனால் பழைய பிக்கப்புகள் பலவற்றில் அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. ஓட்டுகிறவர் வெயில் என்று நினைத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போகிறார். ஏசி இருக்கிற வண்டியாக இருந்தால் "கேஸ் குறைஞ்சிருக்கும்" என்று கடைக்குப் போய்க் காசு கொடுத்துவிட்டு வருகிறார். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். பழைய காரில், பிக்கப்பில் இருக்கிற ஹீட்டர் கரண்ட்டில் ஓடுவதில்லை. இன்ஜினில் சுடச்சுடச் சுற்றிக்கொண்டிருக்கும் தண்ணீரையே ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் கொண்டுவந்து, சின்ன ரேடியேட்டர் போன்ற ஒரு காயிலுக்குள் ஓடவிட்டு, இன்னொரு ஹோஸ் வழியாகத் திருப்பி அனுப்புகிறார்கள். காயில் மீது காற்று பட்டால் சூடான காற்று. தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) 82 டிகிரியை ஒட்டித் திறக்கிற இன்ஜினில், ஓட்டத்தில் அந்தத் தண்ணீர் 85 முதல் 95 டிகிரி வரை இருக்கும். ஆகவே ஹீட்டரை "ஆஃப்" செய்வது என்றால் இரண்டில் ஒன்று: காயிலுக்கு வரும் தண்ணீரை ஒரு வால்வால் அடைப்பது, அல்லது தண்ணீரை ஓடவிட்டுவிட்டு, காற்று காயில் பக்கம் போகாமல் ஒரு ஃபிளாப்பால் தடுப்பது. சில வண்டிகளில் இரண்டும் உண்டு. வால்வை மெக்கானிக்குகள் ஹீட்டர் காக் என்பார்கள்.

உங்கள் வண்டி எந்த வகை என்று பார்க்க மேனுவல் தேவையில்லை. பானெட்டைத் தூக்குங்கள். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரில், பெருவிரல் பருமனுள்ள இரண்டு ரப்பர் ஹோஸ்கள் அக்கம்பக்கமாக உள்ளே நுழையும். ஒன்றின் நடுவில் ஒரு சின்ன லீவரும், அதில் மாட்டிய ஒரு கேபிளும் இருந்தால் அது வால்வு வண்டி. வெறும் ஹோஸ் மட்டும் என்றால் ஃபிளாப் வண்டியாக இருக்கலாம். வால்வையே டேஷ்போர்டுக்கு உள்ளே வைத்த வண்டிகளும் உண்டு. ஹோஸே இல்லையா? உங்கள் வண்டியில் ஹீட்டர் இல்லை. கீழே தரைச் சூடு பற்றிச் சொல்லும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

எதையும் கழற்றும் முன்: ஹோஸை நெரித்துப் பார்ப்பது

நூறு யோசனை சொல்வார்கள். நான் முதலில் செய்யச் சொல்வது இதை மட்டும்தான். காயிலுக்குப் போகும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சூடு போனால் குற்றவாளி ஹீட்டர். போகவில்லையென்றால் ஹீட்டரை விட்டுவிட்டு வேறு இடம் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டு, பிறகு கிளிப் உடைந்து, வாழ்நாள் முழுக்க லொடலொட என்று ஆட விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சில இன்ஜின்களில் இந்த ஹோஸை அடைக்கவே கூடாது. கடைசிப் பகுதியில் பைபாஸ் வழி பற்றிச் சொல்லியிருப்பதை முதலில் பார்த்துவிடுங்கள். செய்முறை இப்படி. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது இரண்டு ஹோஸையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கி மீள வேண்டும். கல் போல இறுகியிருந்தாலோ, வளைவில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தாலோ நெரிக்கவே நெரிக்காதீர்கள், அது பிய்ந்துவிடும். அப்படிப்பட்ட ஹோஸை முதலில் மாற்றுங்கள். எப்படியும் அது நடுவழியில் உங்களை நிறுத்தப் போகிற ஹோஸ். நன்றாக இருந்தால், ஹோஸின் இருபுறமும் தட்டையான சின்ன மரத்துண்டு வைத்து, அதன் மேல் லாக்கிங் பிளையரால் பிடித்து இறுக்குங்கள். மரத்துண்டு இல்லாமல் பல் பதிய இறுக்கினால் ரப்பருக்குள் இருக்கும் நூல் அறுந்துவிடும். எந்த ஹோஸ் உள்ளே போவது என்று குழப்பமாக இருந்தால் இரண்டையும் நெரித்துவிடுங்கள். பிளையர் ஃபேனிலோ பெல்ட்டிலோ மாட்டாமல் ஒரு கம்பியால் கட்டி வையுங்கள்.

அப்புறம் 15, 20 நிமிடம் வழக்கமான சாலையில் ஓட்டுங்கள். டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். டேஷ்போர்டின் காற்று வாய் (வென்ட்) வழியாக வருகிற காற்று வெளிக்காற்றைப் போலவே இருந்தால், ஹீட்டர்தான் காரணம் என்று முடிவாகிவிட்டது. கையால் உணர்வதை நம்பாதவர்கள் ஒரு சாதாரண தெர்மாமீட்டரைக் காற்று வாயில் செருகி, நெரிப்பதற்கு முன்பும் பின்பும் குறித்துக்கொள்ளலாம்.

நாப் குளிர் பக்கம்; ஆனாலும் வாயில் சூடான காற்று

வால்வு வண்டியில் முதல் சந்தேகம் வால்வு அல்ல, கேபிள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து டேஷ்போர்டில் இருக்கிற ஹீட்டர் நாபை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டுக்குள் லீவரை மட்டும் பாருங்கள். லீவர் தன் கடைசி நிறுத்தத்தில் போய் முட்டுகிறதா, அல்லது அதற்கு முன்பே, நாலைந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். கேபிளின் வெளி உறையைப் பிடித்திருக்கும் சின்ன கிளிப் தளர்ந்திருக்கும். நாபைத் திருப்பினால் உள்கம்பி நகர்வதற்குப் பதில் உறையே நகரும். நாபைக் குளிர் கோடியில் வைத்து, லீவரைக் கையால் முழுக்க மூடிப் பிடித்துக்கொண்டு, உறையை அந்த நிலையில் கிளிப்பால் இறுக்கினால் வேலை முடிந்தது. செலவே இல்லை.

அந்த நாலைந்து மில்லிமீட்டரை அலட்சியம் செய்ய வேண்டாம். வால்வு கால்வாசி திறந்திருந்தால் சூடும் கால்வாசிதான் வரும் என்று கணக்குப் போட முடியாது. காயிலின் குணம் அப்படியல்ல. கொஞ்சம் தண்ணீர் மெதுவாக ஓடினால், அது தன் சூட்டையெல்லாம் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகும். ஒரு சின்ன ஒழுக்கே கேபினை வேகவைக்கப் போதும்.

லீவர் கோடி வரை போய் முட்டுகிறது, ஆனாலும் வால்வைத் தாண்டிய ஹோஸ் சுடுகிறதா? அப்போதுதான் வால்வின் உள்பக்கம் கெட்டிருக்கிறது. (ஹோஸைத் தொடும்போது துணி வைத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரி ஹோஸ் நன்றாகவே சுடும்.) நம் பக்கத்தில் இதற்கு முக்கியமான காரணம் போர் தண்ணீர். கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் வருடக்கணக்காக உப்புத் தண்ணீரை ஊற்றினால், வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற அதே வெள்ளைக் காறை வால்வின் உட்காருமிடத்திலும் படியும். மூடினாலும் முழுக்க உட்காராது. பித்தளை வால்வாக இருந்தால் கழற்றி, காறையைச் சுரண்டி, தண்டுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பிழைக்கவைக்கலாம். பிளாஸ்டிக் வால்வை ஆட்டினால் தண்டு உடைந்து கையோடு வந்துவிடும். அதற்குப் புதியது வாங்குவது ஒன்றே வழி.

வாங்குகிற வரை ஓட்ட வேண்டுமே என்றால், கேபிளைக் கழற்றிவிட்டு, லீவரை மூடிய நிலையில் கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள். எது மூடிய நிலை என்று ஊகிக்காதீர்கள். சில வால்வு இழுத்தால் மூடும், சில தள்ளினால் மூடும். ஒரு பக்கம் வைத்து ஓட்டி, வால்வைத் தாண்டிய ஹோஸ் ஆறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஃபிளாப் வண்டியில் நாபைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் "தட்" என்று ஃபிளாப் முட்டும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் நாப் லேசாகச் சுற்றினால் கேபிள் கழன்றிருக்கிறது. சத்தம் கேட்டும் சூடு குறையவில்லையென்றால், ஃபிளாப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு பொடியாகி உதிர்ந்திருக்கும். டேஷ்போர்டு வாயில் கறுப்புத் துகள்கள் பறந்து வந்து சட்டையில் ஒட்டியதுண்டா? அதுதான் இது. புது ஸ்பாஞ்சு ஒட்ட ஹீட்டர் பெட்டியைப் பிரிக்க வேண்டும், பல வண்டிகளில் அதற்கு டேஷ்போர்டையே இறக்க வேண்டும். பழைய வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பது என் கட்சி. உள்ளே ஃபிளாப் எப்படியோ போகட்டும். வெளியே பானெட்டுக்குள் தண்ணீரை நிறுத்திவிட்டால் காயில் ஆறிப்போகும். எப்படி நிறுத்துவது என்று கடைசியில் சொல்கிறேன்.

புளோயரைப் போடவே இல்லை. வேகம் எடுத்தால் மட்டும் அனல்

ஊருக்குள் ஊர்ந்து போகும்போது ஒன்றும் தெரியாது. பைபாஸில் 70ஐத் தொட்டதும் வாயில் அனல் அடிக்கும். காரணம் எளிது: முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கிற அந்தப் பள்ளத்தில், வண்டி ஓடும்போது காற்று மோதி அழுத்தம் கூடும். வெளிக்காற்று உள்ளே நுழையும் வாய் அங்கேதான் இருக்கிறது. புளோயர் இல்லாமலேயே காற்று உள்ளே தள்ளப்பட்டு, வழியில் சுடுகிற காயிலைத் தொட்டுக்கொண்டு வரும். வெளிக்காற்று லீவரை உள்காற்றுப் பக்கம் தள்ளினால் நின்றுவிட்டதா? அப்படியென்றால் அனல் அந்த வாய் வழியாகத்தான் வருகிறது. முதலில் மேலே சொன்னபடி வால்வைப் பாருங்கள்.

ஹோஸை நெரித்தும் இதே அனல் வந்தால், பானெட்டின் பின்விளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். அது கிழிந்திருந்தாலோ, பெயின்ட் அடித்தபோது திருப்பிப் போடாமல் விட்டிருந்தாலோ, இன்ஜின் அறையின் காற்று நேராக அந்த வாய்க்குள் போகும். டீசல் வாடையும் சேர்ந்து வரும். இன்ஜின் சூடாகிறது என்று பானெட்டின் பின்பக்கக் கீலுக்கு வாஷர் வைத்துத் தூக்கிவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. நிற்கும்போது சூடு மேலே போகும், உண்மைதான். ஓடும்போது கண்ணாடியடி அழுத்தத்தில் பாதி அனல் கேபினுக்குத்தான் வரும். வாஷரை எடுத்துவிட்டு ரேடியேட்டரைக் கவனிப்பது நல்லது.

ஏசி போட்டாலும் குளிர் ஏறவில்லை

கேஸ் அடிக்கச் சொல்வதற்கு முன் ஹோஸை நெரித்துப் பாருங்கள். ஏசி உள்ள வண்டியில் காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டி, அதன் பிறகு ஹீட்டர் காயில் இருக்கும் இடத்துக்கு வருகிறது. குளிர்ந்த காற்றை ஹீட்டர் மறுபடி சூடேற்றி அனுப்பினால் கம்ப்ரஸர் என்ன செய்யும்? நெரித்ததும் வாயில் ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஏசியில் கோளாறு இல்லை. இறங்காவிட்டால் ஏசி கடைக்குப் போகலாம். போகிற காசு நியாயமான காசு.

கால் மட்டும் வேகிறது

தலைக்குச் சாதாரணக் காற்று, பாதத்துக்கு அடுப்பு. ஹோஸை நெரித்தாலும் மாற்றமில்லை. இது ஹீட்டர் அல்ல, தரை. ஹீட்டரே இல்லாத வண்டிக்காரர்களும் இங்கே சேர்ந்துகொள்ளலாம்.

முதலில் கியர் லீவரின் ரப்பர் பூட், அதாவது லீவரின் அடியைச் சுற்றியிருக்கும் உறை. மேலே தெரிகிற அழகு உறைக்கு அடியில் இன்னொன்று இருக்கும், கிழிவது அதுதான். ஓடும்போது கியர்பாக்ஸ் பக்கமிருந்து அனலும் புழுதியும் அந்த வழியாக ஏறும். அடுத்து ஸ்டீயரிங் தண்டு, கிளட்ச் கேபிள், வயர் கட்டு ஆகியவை தகரச் சுவரைத் துளைத்து வரும் இடங்கள். ஸ்பீக்கருக்கும் ஹாரனுக்கும் வயர் இழுத்தவர்கள் போட்ட ஓட்டையும் இருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி: இருட்டிய பிறகு பானெட்டுக்குள் ஒரு நல்ல டார்ச்சை எரியவிட்டு, கேபினுக்குள் மிதியடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பாருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் அனலும் வரும். வெளிச்சம் நேராகப் புகாத வளைவு இடங்களுக்கு, வண்டியை ஐட்லிங்கில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஊதுபத்தி கொளுத்திக் காட்டுங்கள். புகை ஓரிடத்தில் துள்ளி விலகினால் அங்கே காற்று நுழைகிறது. பெட்ரோல், டீசல் கசிவு வாடை இருக்கிற வண்டியில் மட்டும் ஊதுபத்தி வேண்டாம்.

ஓட்டைகள் இல்லாமலும் தரை சுட்டால் வண்டிக்கு அடியில் படுத்து சைலன்சர் குழாய் போகும் பாதையைப் பாருங்கள். குழாய்க்கும் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய தகரத் தடுப்பு இருந்திருக்க வேண்டும். போல்ட் துரு ஏறி, கடகடவென்று சத்தம் போட்டதால் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். டிங்கரிங் கடையில் ஒரு தகரத்தை வெட்டி வளைத்து மாட்டிக்கொள்ளலாம். தகரம் குழாயையும் தொடக்கூடாது, தரையையும் தொடக்கூடாது. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். தடுப்பது தகரத்தை விட அந்த இடைவெளிக் காற்றுதான். மிதியடிக்குக் கீழே ஒட்டுவதாக இருந்தால் அலுமினியம் முகம் உள்ள பஞ்சுத் தகடு வாங்குங்கள். தார் தகடு அதிர்வைக் குறைப்பதற்கானது. சூட்டில் இளகி நாறும்.

அனலோடு புகை வாடை வந்தால் இந்த வரிசையையெல்லாம் விட்டுவிட்டு முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். கசிகிற இடத்தில் கரி படிந்திருக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்றுதான் தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போகிற வேலை இது.

இன்ஜினுக்கு மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும் பழைய லாரிகளில் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இன்ஜின் மூடி இருக்கும். அதன் ஓரப் பீடிங்கை மாற்றி, மூடியின் உள்பக்கம் தகடு ஒட்டினால் நன்றாகக் குறையும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. பழைய வண்டிக்காரருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

கண்ணாடியில் பனி, மிதியடி ஈரம்

ஹீட்டர் காயில் ஓட்டை. கூலன்ட் ஊற்றியிருந்தால் இனிப்பான ஒரு வாடை வரும். வெறும் தண்ணீர் என்றால் வாடை இராது, ஆனால் மிதியடி காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஏசி வண்டியில் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் மிதியடி நனையும். அது தெளிந்த குளிர்ந்த தண்ணீர், ரேடியேட்டர் மட்டமும் குறையாது. காயில்தான் என்றால் தாமதிக்காதீர்கள். தண்ணீர் குறைந்து இன்ஜின் சூடாகி ஹெட் போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

தண்ணீரை நிரந்தரமாக நிறுத்துவது

இரண்டு வழி. ஒன்று, காயிலைக் கழித்துவிட்டு, இன்ஜின் பக்கத்து இரண்டு ஹோஸையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைப்பது. காயில் ஓட்டையாக இருந்தால் இதுதான் உடனடி வைத்தியம். ஹோஸ் பல வண்டிகளில் 16 மி.மீ. உள்விட்டம், அளந்து வாங்குங்கள். மடிந்து அடைக்காத அளவுக்கு அகலமான வளைவாக இருக்கட்டும். காயிலில் தங்கிய தண்ணீரை வாயால் ஊதாமல் காற்றுப் பம்ப்பால் ஊதி வெளியேற்றி, இரண்டு முனைக்கும் ரப்பர் மூடி போடுங்கள்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: உள்ளே போகும் ஹோஸின் நடுவில் அரை இஞ்ச் பித்தளை பால் வால்வு, இரண்டு பக்கமும் ஹோஸ் நிப்பிள். ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். கோடையில் மூடிவிடலாம், ஊட்டியில் விடியற்காலை கண்ணாடி பனித்தால் திறந்துகொள்ளலாம். இன்னொரு பயனும் உண்டு. 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதையிலோ, 70 வளைவுள்ள கொல்லிமலையிலோ சுமையோடு ஏறும்போது முள் சிவப்பை நோக்கி நகர்ந்தால், ஹீட்டரைத் திறந்து புளோயரை முழு வேகத்தில் வைப்பது இன்ஜினுக்கு ஒரு கூடுதல் ரேடியேட்டர் கொடுப்பதற்குச் சமம். காயிலை அடியோடு கழித்தவருக்கு அந்த வசதி போய்விடும். மலைக்குப் போகாதவருக்கு முதல் வழியே போதும்.

பிவிசி வால்வு மட்டும் வேண்டாம். வீட்டுக் குழாய்க்குப் போட்டு மிஞ்சியது இருக்கிறதே என்று மாட்டிவிடுவார்கள். 90 டிகிரித் தண்ணீரில், அதுவும் அழுத்தத்தில், அது இளகிப் பிய்த்துக்கொள்ளும்.

வால்வு போடும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் சுற்றுவதற்குத் தனியாக ஒரு பைபாஸ் வழி இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் கூட்டிலிருந்து வாட்டர் பம்ப்புக்கு ஒரு குட்டி ஹோஸ் போகிறதா என்று பாருங்கள். சில இன்ஜின்களில் அது பிளாக்குக்கு உள்ளேயே இருக்கும். சில இன்ஜின்களில் ஹீட்டர் ஹோஸ்தான் அந்த வழி. அவற்றில் தண்ணீரை அடைக்கவே கூடாது. வளைத்து இணைக்கலாம், அல்லது மூடினால் தண்ணீரை இன்ஜினுக்கே திருப்பிவிடுகிற நாலு வாய் ஹீட்டர் வால்வு போடலாம். தெரியவில்லையென்றால் உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

வேலையெல்லாம் இன்ஜின் ஆறிய பிறகு. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகத்தில்தான் அடிக்கும். கொஞ்சம் கூலன்டைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, முடிந்ததும் திருப்பி ஊற்றலாம். ஊற்றும்போது புதிதாகப் போட்ட வால்வு திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். மூடியில்லாமல் இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஹோஸை அவ்வப்போது அமுக்கிக் கொடுங்கள். குமிழி வருவது நின்று, மட்டம் இறங்காமல் நின்றதும் மூடுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பார்த்து, கிளிப்புகளை இன்னொரு அரைச் சுற்று இறுக்கிவிடுங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.